யோகனின் அஞ்சல் பெட்டியை நான் பூட்டாமல் விட்டது

போன கிழமை, கம்பனியின் மின்னஞ்சல் சேவரை இப்போது பார்த்துக்கொள்ளும் உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். "சேர், சேவர் மாத்திறம். பழைய மெயில் பெட்டி ஒண்டு இரிக்கி. ஆரும் திறக்கிறதில்ல, ஆரும் அதில இருந்து அனுப்பவும் ஏலாம வச்சிரிக்கி. அழிச்சிரவா?" பொறுங்கள், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தத் தம்பிக்கு மனம் நொந்திருக்கும். ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடிய வேண்டிய கேள்வி அது.

உங்களுக்கு முதல் நாள் வாசிக்கத் தரும் குறிப்பை எழுதியவன் நான்தான். வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சல் கணக்கை அன்றே பூட்ட வேண்டும் என்பது அதில் முதல் விதி. அப்படி எழுதியவனே ஏன் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனான் என்று நீங்கள் கேட்கலாம். விதி வந்ததும் பெட்டி நின்றதும் ஒரே காரணத்தால்தான். அதை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது குருக்கள்மடத்து வீட்டில் நான் தனியே இருக்கிறேன். கேட்க ஆள் இல்லாத வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்துப் பார்த்து எனக்குப் பாடமாகிவிட்டது. அதனால் தடுமாறாமல் எழுதலாம்.

சுனாமி வந்து கரையோரத்தில் படகு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத காலத்தில் நமது கம்பனி தொடங்கியது. வாவிக் கரையில் ஒரு கொட்டில், உள்ளே பைபர் படகு அச்சுகள், கண்ணை எரிக்கும் பிசின் மணம். உதவி நிறுவனங்கள் கொழும்பிலிருந்து மின்னஞ்சலில் படகு கேட்கும்; நாங்கள் மின்னஞ்சலில் பதில் போடுவோம். நான் கணக்குப் படிப்பித்துவிட்டு விலகியிருந்தவன். ஆங்கிலக் கையேடு வாசிப்பேன் என்பதற்காக மின்னஞ்சல் வேலையை என் தலையில் வைத்தார்கள். எல்லோரும் என்னை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

சேவரை அமைத்துத் தந்த கொழும்புப் பொறியியலாளர் போகும்போது ஒன்று சொன்னார். ஒரு கணக்கைத் திறக்கும் நாளிலேயே அதை யார், எப்போது பூட்டுவது என்றும் முடிவுசெய்துவிட வேண்டும் என்றார். நான் சிரித்தேன். கல்யாண வீட்டில் நின்று சாவீட்டுப் பேச்சுப் பேசுகிற மனிதர் என்று எனக்குத் தோன்றியது.

எல்லோருக்கும் முதலில் ஒரே கடவுச்சொல்லைப் போட்டேன்: கம்பனியின் பெயர், பின்னால் வரிசையாகச் சில இலக்கங்கள். மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். யாரும் மாற்றவில்லை. மாற்றாமல் இருப்பதற்கு எங்களிடம் நல்ல காரணமும் இருந்தது. வெளிவேலைக்குப் போகிறவர் சண்டையால் பாதை பூட்டினால் எங்கே நிற்பார், எப்போது வருவார் என்று தெரியாது. அவருக்கு வந்த மின்னஞ்சலைக் கந்தோரில் இருப்பவர் திறந்து வாசித்து, போன் பிடிக்கிற இடத்துக்கு அவர் வந்ததும் விசயத்தைச் சொல்ல வேண்டும். ஒருவருடைய பெட்டியை மற்றவர் திறப்பது எங்கள் ஊரில் களவு அல்ல, ஒத்தாசை.

யோகன் வெளிவேலைக்காரன். கதிரவெளிக்காரன். கிழமை நாளில் எங்கள் கொட்டிலிலேயே தங்குவான். படகு கொடுத்த ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்ப் பழுது பார்ப்பான். கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி அவனை மட்டும் பல தடவை பிடித்தேன். "மாத்தினா நான் மறந்திருவன் மாஸ்டர். மறுகா உங்களத்தான் தேடி வாறது. இது இரிக்கட்டும்" என்பான்.

அவன் மனைவி ராணி கதிரவெளியில். அந்தப் பக்கம் போன் சரியாக எடுக்காது. அதனால் யோகன் வாழைச்சேனையில் ஒரு தொலைத்தொடர்புக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்புவான். கடைக்காரரை நாங்கள் நானா என்போம். அவர் அதை அச்சடித்து, மடித்து, வாகரை பஸ் கொண்டக்டரிடம் கொடுப்பார். ராணி சொல்லும் பதில் அதே வழியில் திரும்பி வரும். நானா தட்டி அனுப்புவார். ராணிக்கு மின்னஞ்சல் என்றால் எப்போதும் வேறொருவர் கையால் எழுதப்பட்டு, வேறொருவர் கையால் வந்து சேருவதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாகரையிலிருந்து இடம்பெயர்ந்த சனம் திரும்பிப் போய்க் குடியேறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் காலையில் யோகன் படகு பார்க்கப் புறப்பட்டான். போய்ச் சேரவில்லை. மோட்டார் சைக்கிளும் கிடைக்கவில்லை. கொண்டுபோனவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். ராணி ஏறாத படி இல்லை. கடைசியில் பட்டணத்தில் காணாமற்போனோர் முறைப்பாட்டைப் பதியும் ஒரு கந்தோரில் அவளுடைய முறைப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அவளிடம் இருந்த ஒரே பிடி அதுதான். ஒவ்வொரு தடவை பட்டணம் வரும்போதும் அங்கே போய், பைல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, எங்களிடம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள்.

கொட்டிலில் யோகனுடைய கோப்பை ஆணியில் தொங்கியது. புதிதாக வந்த ஒருவன் அதை எடுக்கப் போனால், "தொடாத கா, யோகன் வந்தா கடிப்பான்" என்பார்கள். அவனைப் பற்றி யாரும் இறந்த காலத்தில் பேசியதில்லை.

வேலையில் இல்லாதவர்களின் கணக்குகளைப் பூட்டச் சொல்லி மனேஜர் சொன்னார். மற்றவர்களுடையதைப் பூட்டினேன். யோகனுடைய பெயர் வந்ததும் கை நின்றது. அந்தப் பொத்தானை அமத்தினால் அவன் வரமாட்டான் என்று நானே கையெழுத்து வைப்பது போல இருந்தது. சவம் காணாத சாவுக்கு முதலில் சம்மதம் சொல்லுகிறவன் நானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். விட்டுவிட்டேன். அதே கடவுச்சொல்லோடு. அதை மரியாதை என்று எனக்குள்ளே பெயர் வைத்தும் கொண்டேன்.

ஆனால் மரியாதை வைத்தவன் அந்தப் பெட்டியை எட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? சில காலம் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்து சில மாதம். முகாம்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எந்த வீட்டில் யார் திரும்பினார் என்பதே எங்கும் பேச்சு. நானா எனக்குப் போன் எடுத்தார்.

"மாஸ்டர், அல்லாட கிருபை. யோகன் தம்பி மெயில் அடிச்சிரிக்காரு. லண்டன்ல நிக்காராம்."

நான் சேவரைத் திறந்து பார்த்தேன். யோகனின் கணக்கிலிருந்து, அவன் எப்போதாவது எழுதிய எல்லா முகவரிகளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே மின்னஞ்சல் போயிருந்தது. லண்டனில் நிற்கிறேன், பையும் பாஸ்போட்டும் களவு போய்விட்டன, போனில் பேச முடியாது, உடனே பதில் எழுதுங்கள், உதவி வேண்டும். உங்களுக்கு இன்று இது பழைய ஏமாற்று. வாசித்த வீச்சில் அழித்துவிடுவீர்கள். எங்களுக்கு அது முதல் தடவை. ஆனால் அது பொய் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. உள்நுழைந்த இடங்கள் லண்டன் பக்கமே இல்லை. ஒரே நேரத்தில் பல நாடுகள். பிழையான கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துப் பார்த்து, கடைசியில் சரியானதைப் பிடித்திருந்தார்கள். யார் எத்தனை தடவை முயன்றாலும் நம் சேவர் பேசாமல் இருக்கும். அப்படித்தான் நான் அதை வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக யோகன் ஒரு நாளும் ஆங்கிலத்தில் எழுதியவன் அல்ல. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, கடைசியில் கடல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போடுவான். இதில் கடல் இல்லை.

கணக்கை அந்த இடத்திலேயே பூட்டினேன். நானாவிடம் கேட்டேன், ராணிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று. "பஸ்ஸில குடுத்தா சரிவராது எண்டு நானே கொண்டு போய்க் குடுத்தன் மாஸ்டர். அந்தப் புள்ள அழுத அழுகை" என்றார். அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். நான் இன்னும் வடிவாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை ராணி வந்தாள். கொட்டிலில் எல்லோருக்கும் டொபி இனிப்புக் கொடுத்தாள். வேலை நின்றுவிட்டது. யோகனின் கோப்பையைக் கழுவி மறுபடி ஆணியில் மாட்டினான் ஒருவன். அவள் என் மேசைக்கு வந்து ஒரு பார்சலை வைத்தாள். உள்ளே யோகனின் முழுக்கைச் சேட்டுகள், மடிப்புக் கலையாமல்.

"அங்க குளிராம் மாஸ்டர். நானா சொன்னார். இத அனுப்பேலுமா?"

விலாசம் வரட்டும் என்றேன். அப்படியென்றால் ஒரு பதில் எழுதித் தரச் சொன்னாள். யோகனின் எழுத்து இது அல்ல என்று மெல்லத் தொடங்கிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "அவருக்கு இங்கிலீசு தெரியா எண்டு எனக்குத் தெரியாதா? ஆரோ எழுதிக் குடுத்திரிக்காங்க. எனக்கு நானா எழுதிற மாதிரி."

அதற்கு மேல் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வசனம்தான்: இந்தக் கணக்கை நான் பூட்டாமல் விட்டேன், அந்நியர் புகுந்துவிட்டார்கள். சுற்றி அத்தனை பேரும் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அதோடு, அந்த முகங்கள் அவளை விட்டு என் பக்கம் திரும்பும் என்பதும் எனக்குத் தெரியும். நான் விசைப்பலகையை இழுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னாள், நான் தட்டினேன். நாங்கள் சுகம். வீட்டுக்குக் கூரை போட்டாச்சு. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். கடைசியில் குரலைத் தணித்து, "கிறுகி வராதீங்க எண்டு எழுதுங்க மாஸ்டர். இஞ்ச இன்னும் சரியில்ல. அங்கயே நில்லுங்க" என்றாள், ஊருக்குத் திரும்பிவிடுவானோ என்ற பயத்தில். கடல் நல்லா இரிக்கி என்றும் போடச் சொன்னாள். கந்தோர் முகவரியிலிருந்து அனுப்பினேன். பூட்டினாலும் உள்ளே வருவது நிற்காது; நான் பூட்டிய பெட்டிக்குள் அது போய் விழுந்தது. திறக்கக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

பதில் வராவிட்டால் மெல்ல மெல்ல அவளே விளங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். கெட்ட செய்தி சொல்ல வேண்டியவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சாட்டு இது. உங்களுக்கும் வரும். ஒரு கணக்குக்குள் அந்நியர் புகுந்துவிட்டார்கள் என்று கண்டால், அதன் பெயரால் யாருக்கு என்ன போனது என்று பார்த்து, அவர்கள் எல்லோருக்கும் உடனே சொல்லுங்கள். முழுதும் தெரியட்டும் என்று நிற்காதீர்கள். சேவரைத் திருத்தும் வேலை காத்திருக்கும். அந்த மின்னஞ்சலை நம்பியவர் காத்திருக்க மாட்டார். அவர் எழும்பி ஏதாவது செய்துவிடுவார்.

ராணி எழும்பிச் செய்தது இது. பதிலுக்குப் பார்த்திருந்த நாட்களில் முறைப்பாட்டுக் கந்தோருக்குப் போய், என் புருசன் கிடைத்துவிட்டார், லண்டனில் நிற்கிறார் என்று சொல்லி, நானா அச்சடித்த கடதாசியையும் காட்டி, கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். அவர்கள் சந்தோசமாக பைலை மூடினார்கள்.

இது எனக்கு நானா சொல்லித்தான் தெரியும். கேட்டதும் கதிரவெளிக்குப் பஸ் ஏறினேன். பனிச்சங்கேணி தாண்டும்வரை எப்படித் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதில் வந்துவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கடவுச்சொல், நான் விட்ட கணக்கு, அன்று காலை அவள் டொபி கொடுக்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது, பதில் எங்கே போய் விழுந்தது.

அவள் நெடுநேரம் மீனைத் திருப்பிப் போட்டாள். ஏன் முறைப்பாட்டை மூடினாய் என்று நான்தான் மடத்தனமாகக் கேட்டேன்.

"உசிரோட இரிக்கிறவர காணாமப்போனவர் எண்டு எழுதி வைக்கக்கூடா மாஸ்டர். அது ஆகாது."

நான் கணக்கைப் பூட்டாமல் விட்ட அதே எண்ணம்தான் அவள் பைலை மூடியதும். இரண்டு பேரும் அவன் உயிருக்காகத்தான் செய்தோம். என்னுடையது திறந்து கிடந்தது. அதனால் அவளுடையது மூடப்பட்டது.

பிறகு அவள் சொன்னாள்: "நீங்க அண்டைக்கே சொல்லியிருந்தா நான் அழுதிருப்பன். அவ்வளவுதான். பைல் இரிந்திருக்கும்."

இருவருமாக முறைப்பாட்டுக் கந்தோருக்குப் போனோம். எழுதுவினைஞர் மரியாதையானவர். கடதாசியை எடுத்துப் பார்த்தார்.

"இது உங்கட கம்பனி மெயில்தானே?"

"ஓம். எங்கட சேவரில இருந்து போனதுதான். ஆனா அனுப்பினவர் அவரில்ல."

"அத எப்பிடி நான் எழுதுறது? அவங்கட மனிசியே வந்து சொல்லியிரிக்காங்க. கம்பனி எழுதித் தரட்டும்."

அவர் கேட்டது நியாயம். உங்களுக்கு நான் படிப்பித்திருக்கிறேன்: நம் பெயரில் எந்தச் சேவர்கள் அனுப்பலாம் என்று ஊரறியப் பதிந்து வையுங்கள், நம் முத்திரை இல்லாததைத் தள்ளிவிடும்படி மற்றவர்களுக்குச் சொல்லி வையுங்கள் என்று. அவையெல்லாம் வேண்டும். அன்று அவை எல்லாம் இருந்திருந்தாலும் இந்த மின்னஞ்சல் தடையில்லாமல் போயிருக்கும். அது வெளியிலிருந்து நம் பெயரைப் போட்டு வந்தது அல்ல. நம் வாசலால், நம் சாவியால் வந்தது. எல்லாச் சோதனையிலும் அது உண்மையான மின்னஞ்சல். அதனால்தான் சாவிக்கு மேலே இன்னொரு உறுதிப்படுத்தலைக் கேட்கச் சொல்கிறேன். கடவுச்சொல் மாறாமல் கணக்குத் திறக்கக் கூடாது, தொடர்ந்து பிழைவிட்டால் கதவு தானே பூட்ட வேண்டும் என்கிறேன். உங்களுக்கு அது கரைச்சலாக இருப்பது எனக்குத் தெரியும்.

மனேஜரிடம் போனேன். அவர் கோபிக்கவில்லை. எங்கள் கணக்குக்குள் அந்நியர் புகுந்தார்கள் என்று நாமே எழுதிக் கையெழுத்து வைத்தால், நாளைக்கு எந்த நிறுவனம் நம் மின்னஞ்சலை நம்பிப் படகு கேட்கும் என்றார். இவ்வளவு பேர் இங்கே சோறு தின்கிறார்கள் மாஸ்டர் என்றார். நான் தலையாட்டினேன். கணக்கை விட்டது கவனக்குறைவு. அதை யாரும் மன்னிப்பார்கள். அந்தத் தலையாட்டலை நான் முழு நினைவோடு செய்தேன். தனிப்பட்ட முறையில் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை முறைப்பாட்டுக் கந்தோர் ஏற்கவில்லை. கம்பனிக் கடிதம் எப்போது வரும் என்று ராணி சில தடவை கேட்டு வந்தாள். பார்ப்போம் என்றேன். பிறகு வருவதை விட்டுவிட்டாள். விசயம் கொட்டிலில் பரவியது. யோகனின் கோப்பையை ஆணியிலிருந்து யாரோ எடுத்துவிட்டார்கள். என்னோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை. நான் தேத்தண்ணிக்குப் போனால் பேச்சு மட்டும் நின்றுவிடும்.

முறைப்பாட்டுக் கந்தோரிலிருந்து திரும்பி பஸ்ஸுக்கு நின்றபோது ராணி கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெட்டியைப் பூட்டிவிட்டீர்களா என்றாள். பூட்டிவிட்டேன் என்றேன்.

"மறுகா அவரு வந்து திறக்கப் பாத்தா?"

அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். வந்து நின்றால் புதிய சாவி கொடுக்கலாம். ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை. பூட்டுவது என்றால் புதைப்பது அல்ல. அவர் வரும்வரை வேறு யாரும் அவர் பெயரில் பேசக் கூடாது, அவ்வளவுதான். இந்தச் சின்ன விசயம் அன்று எனக்கு விளங்கியிருந்தால் பைல் இருந்திருக்கும். நான் விலகிய அன்று, நான் எழுதிய விதிப்படியே என் கணக்கை உங்களில் ஒருவர் பூட்டினார். வீட்டுக்கு வந்து பழக்கத்தில் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பேச வேறு யாரும் இருக்கவில்லை. என்றாலும் நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நான் கேட்பது. பழைய மனேஜர் இப்போது இல்லை. கம்பனி கை மாறிவிட்டது. நடந்ததையெல்லாம், எந்தக் கணக்கு, யார் விட்டது, சேவர் என்ன காட்டியது என்று எழுதிக் கையெழுத்து வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். அதைக் கம்பனிக் கடிதத் தாளில் போட்டு, பொறுப்பாளரின் கையெழுத்தை வாங்கித் தாருங்கள். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள், தலையாட்டாதீர்கள். கதிரவெளிக்கு நான் கொண்டுபோகிறேன். அந்தக் கந்தோர் இன்று இருக்கிறதோ தெரியாது. வேறு கந்தோர்கள் வந்திருக்கின்றன. அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்குவாள்.

அந்தப் பெட்டியைப் புதிய சேவருக்கு அப்படியே கொண்டுபோங்கள். அனுப்பும் வழி அடைத்தபடியே இருக்கட்டும். உள்ளே குப்பைகளுக்கு நடுவில், நம் கந்தோர் முகவரியிலிருந்து போன ஒரு மின்னஞ்சல் திறபடாமல் கிடக்கும். அது ராணி எழுதியது. நீங்கள் திறக்க வேண்டாம். கதிரவெளிக்காரன் ஒருவன் என்றாவது வந்து, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு மாஸ்டர் எங்கே என்று கேட்டால், ஆளை வடிவாக உறுதிப்படுத்திக்கொண்டு புதியதைப் போட்டுக் கொடுங்கள். முதலில் அதை வாசிக்கட்டும். கிறுகி வராதீங்க என்று அதில் எழுதியிருப்பதைக் கண்டு போய்விடாமல், அது பழையது என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.